லினக்ஸ் கர்னலை வேகப்படுத்தும்போது டூல்செயின் தரும் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் ஒரு லூப்பையோ லாக்கையோ வேகப்படுத்தி, தன் மெஷினில் அளந்து பார்த்துவிட்டு பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்புகிறவர்கள், மறுநாளே "இங்கே பில்டே ஆகவில்லை" என்ற பதிலோடு என்னிடம் வருவதுண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். டூல்செயின் என்றால் கம்பைலர் மட்டுமல்ல. அசெம்ப்ளியை மெஷின் கோடாக்கும் அசெம்ப்ளர், துண்டுகளை இணைக்கும் லிங்கர், பில்டின்போது கர்னல் தானே ஓட்டும் துணைக்கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். பதில்கள் பெரும்பாலும் எக்ஸ்86-64, ஆர்ம்64 என்ற சிபியு வகைகள் இரண்டையும் மனதில் வைத்தவை.

சி மொழிக்குத்தான் தரநிலை இருக்கிறதே? சரியான சி எழுதினால் எந்த கம்பைலரிலும் ஓடாதா?

கர்னல் எழுதப்பட்டிருப்பது தரநிலை சி-யில் அல்ல, குனு சி-யின் (ஜிசிசி கம்பைலர் விரித்த சி) ஒரு கிளைமொழியில். 2022-இல் கர்னலின் 5.18 பதிப்பு வரும்வரை அது குனு89. அந்தப் பதிப்பில்தான் குனு11-க்கு மாறியது. தரநிலை "வரையறுக்கப்படாத நடத்தை" என்று கைகழுவிவிடும் பல இடங்களில் கர்னல் தனக்கென ஒரு அர்த்தம் வைத்திருக்கிறது. குறியுள்ள முழு எண் நிரம்பி வழிந்தால் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போக வேண்டும். ஒரே நினைவிடத்தை இரண்டு வகைப் பாயின்டர்களால் தொட்டாலும் கம்பைலர் தப்புக்கணக்குப் போடக் கூடாது. இவற்றையெல்லாம் ஃப்ளாக் (கம்பைலருக்கான கட்டளைத் தேர்வு) கொடுத்துக் கேட்டு வாங்குகிறோம். ஆகவே உங்கள் கோடு சரியா தவறா என்பதில் தரநிலைக்கு எவ்வளவு பங்கோ, அந்த ஃப்ளாக்குகளை வைத்திருக்கும் மேக்ஃபைலுக்கும் அவ்வளவு பங்கு. அந்த ஃப்ளாக்குகள் இல்லாமல் ஒரு ஃபங்ஷனை மட்டும் பிய்த்து எடுத்து ஆன்லைன் கம்பைலரில் போட்டு, "பாருங்கள், இரண்டே இன்ஸ்ட்ரக்ஷன்" என்று காட்டினால் அது கர்னலைப் பற்றி எதையும் சொல்லாது. நானும் அப்படிக் காட்டி அசடு வழிந்தவன்தான்.

எத்தனை கம்பைலர் பதிப்புகளுக்கு நான் பொறுப்பு?

கர்னல் ஏற்றுக்கொள்ளும் மிகப் பழையதிலிருந்து நேற்று வெளிவந்தது வரை எல்லாவற்றுக்கும். 5.15-இல் குறைந்தபட்ச ஜிசிசி 5.1 ஆனது. 6.16-இல் அது 8.1-க்கு உயர்ந்தது, அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸும் 2.30-க்கு ஏறியது. ஜிசிசிக்கு மாற்றான கிளாங் கம்பைலருக்கு 6.9-இல் 13.0.1 என்று வைத்தார்கள். ஜிசிசி 8.1 வந்தது 2018-இல், 15.1 வந்தது 2025-இல். நடுவே ஏழு ஆண்டு. அதற்குள் கம்பைலரின் மூளை எத்தனையோ முறை மாற்றி எழுதப்பட்டிருக்கும். நீங்கள் வேலை செய்யும் மரத்தில் இப்போதைய எல்லை என்ன என்று தெரிய யாரையும் கேட்க வேண்டாம். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் மின்-டூல்-வெர்ஷன் என்ற சிறு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள்.

நல் பாயின்டர் சோதனையை கம்பைலர் தூக்கி எறிந்துவிடும் என்கிறார்களே, அப்படியும் நடக்குமா?

நடந்தது. 2009-இல், 2.6.30 கர்னலின் டன் நெட்வொர்க் டிரைவரில். அதன் "போல்" (poll) என்ற ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பாயின்டர் வழியாக உள்ளே போய் சாக்கெட்டை எடுத்தார்கள். அதற்கு அடுத்தபடியாக, அந்தப் பாயின்டர் நல் (எதையும் சுட்டாத பூஜ்யம்) தானா என்று சோதித்துப் பிழை திருப்பினார்கள். ஜிசிசி யோசித்தது இப்படி: மேலேயே இதைத் தொட்டாயிற்று, நல் ஆக இருந்தால் அங்கேயே வரையறுக்கப்படாத நடத்தை, எனவே இது நல் ஆக இருக்க முடியாது, எனவே சோதனை வீண். நீக்கிவிட்டது. பயனர் நிரலில் இது க்ராஷோடு போயிருக்கும். கர்னலிலோ பூஜ்ய முகவரியில் தாக்குபவர் தானே ஒரு பக்கத்தை மேப் செய்து வைத்துவிட்டால், க்ராஷுக்குப் பதில் ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். அந்த ஜூலையில் அதைச் செய்துகாட்டும் எக்ஸ்ப்ளாய்ட்டும் வெளியானது.

பிழை முதலில் நிரலருடையதுதான், வரிசை மாறிவிட்டது. ஆனால் அதன்பின் நல் சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் ஃப்ளாக் கர்னல் முழுவதற்கும் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டது. கணினி அறிவியல் வகுப்பில் "கம்பைலர் நம் நோக்கத்தைப் புரிந்துகொள்ளும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கம்பைலரிலேயே பிழை இருந்தால்? என் கோடு தவறா, கம்பைலர் தவறா என்று எப்படித் தெரியும்?

நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் உங்கள் கோடுதான் தவறாக இருக்கும். முதலில் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மீதி உள்ளவற்றில் மூன்று கதைகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மூன்றும் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவிடம்) பற்றியவை, மூன்றும் பயனர் நிரலில் பெரும்பாலும் வெளியே தெரியாதவை.

முதலாவது 2014. ஜிசிசி 4.9.0 எக்ஸ்86-64-இல் சிபியுக்களுக்கு வேலையைப் பகிரும் ஷெட்யூலரின் லோட் பேலன்ஸ் ஃபங்ஷனை கம்பைல் செய்தபோது, ஸ்டாக் பாயின்டரை இறக்கி இடம் ஒதுக்குவதற்கு முன்பே அதற்குக் கீழே ஒரு மதிப்பை எழுதிவிட்டது. பயனர் நிரலில் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே 128 பைட் வரை தொடலாம், அதற்கு ரெட் ஜோன் என்று பெயர். கர்னலில் இன்டரப்ட் (ஹார்ட்வேரின் குறுக்கீடு) அதே ஸ்டாக்கில் வந்து விழும், எனவே கர்னல் ரெட் ஜோன் வேண்டாம் என்று ஃப்ளாக்கிலேயே சொல்லியிருக்கிறது. கம்பைலர் அந்த வாக்கை மீறியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அன்று ஜிசிசியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டீபக் (பிழைதேடல்) தகவலுக்காக மாறிகளைப் பின்தொடரும் ஒரு வசதியை அணைத்துத்தான் தற்காலிகமாகத் தப்பித்தார்கள். டீபக் தகவல், உருவாகும் கோடை மாற்றவே கூடாது என்பதுதான் விதி. அந்த விதியும் அன்று உடைந்தது.

இரண்டாவது இன்னும் மோசம். ஆர்ம்64-இல் ஜிசிசி 4.9 முதல் 5.1-க்கு முன் வரை, ஃபங்ஷன் முடியும் இடத்தில் ஸ்டாக் பாயின்டரை மேலே ஏற்றிய பிறகு, கீழே விட்டுவந்த இடத்திலிருந்து படிக்கும் கோடு உருவாகலாம். அந்த இரண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு நடுவே இன்டரப்ட் வந்தால் மட்டும் தரவு கெடும். வராவிட்டால் ஒன்றுமில்லை. விளைவு, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எப்போதாவது ஒருமுறை செக்சம் (தரவு சரிபார்ப்பு) பிழை. டிஸ்க்கைச் சந்தேகப்படலாம், மெமரியைச் சந்தேகப்படலாம், கோப்பு முறைமையைச் சந்தேகப்படலாம். கம்பைலரைச் சந்தேகப்பட எவ்வளவு நாளாகும்? 2021 ஜனவரியில்தான் உண்மை வெளிவந்தது, உடனே ஆர்ம்64-க்கு மட்டும் குறைந்தபட்சம் 5.1 என்று ஆக்கினார்கள். இந்த வகைப் பிழையில் உங்கள் ஆப்டிமைசேஷன் புதிதாக எதையும் உடைப்பதில்லை. அந்த இரண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் இடையிலான தூரத்தைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான். பழி மட்டும் உங்கள் பேட்ச்சின் மேல் விழும்.

மூன்றாவதை கம்பைலர் பிழை என்று சொல்ல முடியாது. முதலாவதைத் தவிர்த்த சிபியுக்கள் எழும்போது ஓடும் ஸ்டார்ட் செகண்டரி ஃபங்ஷன், தன் ஓட்டத்தின் நடுவிலேயே ஸ்டாக் கேனரியின் (ஸ்டாக் கெடவில்லை என்று சோதிக்கும் காவல் எண்) மதிப்பை மாற்றி அமைக்கிறது. நுழையும்போது ஒரு கேனரி, வெளியேறும்போது வேறு கேனரி. ஆனால் கடைசி வரியில் அழைக்கும் ஃபங்ஷன் திரும்பி வரவே வராது, எனவே வெளியேறும் சோதனை ஒருபோதும் ஓடாது என்ற நம்பிக்கையில் விட்டிருந்தார்கள். 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்தக் கடைசி அழைப்பை டெயில் காலாக மாற்றியது. அதாவது அழைப்புக்குப் பதில் ஜம்ப், ஜம்ப்புக்கு முன் கேனரி சோதனை. மெஷின் பூட் ஆகவில்லை. அழைப்புக்குப் பின் ஒரு நினைவகத் தடையை (மெமரி பேரியர்) வைத்து, டெயில் காலாக மாற முடியாதபடி செய்ததுதான் தீர்வு. கம்பைலர் தன் உரிமைக்குள்தான் நடந்தது. "இதைச் செய்ய மாட்டாது" என்று யாரோ வாய்மொழியாக நம்பியதுதான் கோளாறு.

கம்பைலரின் ஆப்டிமைசேஷன் அளவை ஓ2-விலிருந்து ஓ3 ஆக்கினால் இலவச வேகம் கிடைக்காதா?

2022-இல் அதற்கான விருப்பத்தேர்வை எல்லோருக்கும் திறந்துவிடும் பேட்ச் வந்தது, டோர்வால்ட்ஸ் மறுத்துவிட்டார். ஓ3 லூப்பை விரித்துப் போடும், தாராளமாக இன்லைன் செய்யும் (அழைப்புக்குப் பதில் ஃபங்ஷனின் உடலையே பதிக்கும்). கோடு பெருத்து இன்ஸ்ட்ரக்ஷன் கேஷை அடைக்கும். கர்னலின் லூப்புகள் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை சுற்றி முடிகிறவை, அங்கே விரித்து என்ன லாபம்? ஸ்டாக்கும் ஒரு பிரச்சினை. எக்ஸ்86-64-இல் ஒரு திரெட்டுக்கு 16 கிலோபைட்தான், 3.15-க்கு முன் 8 ஆக இருந்தது. 64-பிட்டில் ஒரு ஃபங்ஷனின் ஃப்ரேம் 2048 பைட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், ஓ3-இல் அது வரத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் சோதிக்காத ஒரு பாதையில் நீங்கள் தனியாக நடப்பீர்கள்.

எதிர்த்திசையில் டீபக்குக்காக ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாதது) போடலாமா என்றும் கேட்கிறார்கள். லிங்க்கே ஆகாது. இறந்த கிளைகளை கம்பைலர் வெட்டிவிடும் என்று நம்பி, எங்குமே எழுதப்படாத ஃபங்ஷன்களை அழைக்கும் மேக்ரோக்கள் கர்னலில் நிறைய உண்டு. கிளை வெட்டப்பட்டால் சத்தமில்லை, வெட்டப்படாவிட்டால் லிங்கர் கத்தும். ஆப்டிமைசேஷனையே சோதனைக் கருவியாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் புதிய கம்பைலர் ஒன்று இன்லைன் முடிவை மாற்றிக்கொண்டால் அந்தச் சோதனையும் காரணமில்லாமல் கத்தும்.

சி கோடுக்குள்ளேயே இன்லைன் அசெம்ப்ளி எழுதிவிட்டால் கம்பைலர் தலையிடாதே?

தலையிடும். கர்னலில் பதிப்புச் சிக்கல் அதிகம் வருவதே இங்கேதான்.

ஏஎஸ்எம் கோட்டுவை எடுத்துக்கொள்வோம். அசெம்ப்ளி துண்டிலிருந்து நேராக சி லேபிளுக்குத் தாவும் வசதி இது. ஜிசிசி 4.5-இல் வந்தது. டிரேஸ்பாயின்ட் (ஓட்டத்தைக் கண்காணிக்கும் புள்ளி) அணைந்திருக்கும்போது, ஒன்றும் செய்யாத ஒரே ஒரு நாப் இன்ஸ்ட்ரக்ஷனோடு கடந்துபோக இதுதான் வழி செய்தது. 2018-இல் 4.17 வந்தபோது எக்ஸ்86-க்கு இது கட்டாயமானது. அப்போது கிளாங்கிடம் இது இல்லை. 2019-இல் கிளாங் 9 வரும்வரை எக்ஸ்86-இன் மூல கர்னலை அதனால் பில்ட் செய்ய முடியாமலே போனது.

அடுத்து, தாவுவதோடு மதிப்பையும் திருப்பித் தரும் வகை வந்தது, கிளாங் 11-இலும் ஜிசிசி 11-இலும். பயனர் நினைவகத்தைப் படிக்கும் பாதையில் இது அருமையான லாபம். ஆனால் 2024 பிப்ரவரியில், வாலடைல் (நீக்காதே என்ற குறி) என்று வெளிப்படையாக எழுதாவிட்டால் ஜிசிசி அந்த வெளியீடுகளைத் தவறாகக் கையாளும் என்று தெரிந்தது. 11.5, 12.4, 13.3 பதிப்புகளில் சரியானது, அதற்கு முந்தையவற்றுக்கு கான்ஃபிக்கில் தனி விலக்கு இருக்கிறது. எனவே "ஜிசிசி 11 இருந்தால் போதும்" என்று பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து இந்த வசதியைத் திறந்துவிடாதீர்கள். கர்னலின் விருப்பத்தேர்வு முறையான கேகான்ஃபிக்கில் இதற்கென இருக்கும் குறியை நம்புங்கள், அது ஒரு சிறு துண்டை உண்மையிலேயே கம்பைல் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆம் என்கிறது.

அளவுக் கணிப்பு இன்னொரு வேடிக்கை. ஜிசிசி உங்கள் அசெம்ப்ளியைப் படிப்பதில்லை, வரிகளை எண்ணுகிறது. கர்னலின் பக் டேபிளும் (பிழை இடங்களின் பட்டியல்) ஆல்டர்நேட்டிவ் துண்டுகளும் (சிபியுவுக்கேற்ப மாற்றப்படும் கோடு) பல வரி நீளும், ஆனால் பெரும்பகுதி வேறு செக்ஷனுக்குப் போய்விடும், ஓடும் இடத்தில் ஓரிரு இன்ஸ்ட்ரக்ஷன்தான் மிஞ்சும். வரிகளை எண்ணிப் பார்த்த ஜிசிசி "அடேயப்பா, பெரிய ஃபங்ஷன்" என்று இன்லைன் செய்ய மறுத்துவிடும். 2018-இல் அவற்றை அசெம்ப்ளர் மேக்ரோக்களாக மாற்றி ஏமாற்றும் பேட்ச்சுகள் சேர்க்கப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டன. ஜிசிசி 9-இல் ஏஎஸ்எம் இன்லைன் என்ற சொல்லே அதிகாரபூர்வமாக வந்துவிட்டது. அது இருக்கும் இடத்தில் அளவு மிகச் சிறியது என்று வைத்துக்கொள்ளும். கர்னலைச் சுற்றி வளைக்காமல் கம்பைலரிடமே போய்க் கேட்டு வாங்கியது எனக்குப் பிடித்த முடிவு.

கிளாங் தன்னை ஜிசிசி என்றுதானே சொல்லிக்கொள்கிறது? பிறகு ஏன் வேறுபாடு?

ஜிசிசி 4.2.1 என்று சொல்லிக்கொள்கிறது, பல ஆண்டுகளாக அதே எண்தான். எனவே ஜிசிசி பதிப்பு மேக்ரோவை வைத்து வசதிகளைத் தேர்ந்தெடுத்தால் கிளாங்கில் எப்போதும் பழைய, மெதுவான பாதைதான் ஓடும். யாருக்கும் பிழைச் செய்தி வராது, வேகம் மட்டும் காணாமல் போகும். பில்ட்இன் இருக்கிறதா, அட்ரிப்யூட் இருக்கிறதா என்று வசதியையே நேராகக் கேளுங்கள். 4.18-லிருந்து கேகான்ஃபிக்கிலும் அப்படிக் கேட்கலாம்.

இன்னொன்று, கிளாங் நீங்கள் எழுதாத ஃபங்ஷனை அழைக்கும். நினைவகத்தை ஒப்பிடும் மெம்கம்ப்பின் முடிவைப் பூஜ்யத்தோடு மட்டும் ஒப்பிட்டால் அதை பிகம்ப் ஆக்கிவிடும், எஸ்பிரின்ட்எஃப்பைச் சில இடங்களில் எஸ்டிபிகாப்பி ஆக்கிவிடும். கர்னலில் சி நூலகம் கிடையாது, லிங்கர் கைவிரித்துவிடும். கடைசியில் 2019-இல் பிகம்ப்பையும் 2020-இல் எஸ்டிபிகாப்பியையும் கர்னலே எழுதிக்கொண்டது.

நினைவகத்தை நிரப்பும் மெம்செட்டை நானே சி-யில் வேகமாக எழுதினேன், ஸ்டாக் நிரம்பிச் செத்துவிட்டது. ஏன்?

உங்கள் லூப்பைப் பார்த்த கம்பைலர் "இது மெம்செட் மாதிரி இருக்கிறதே" என்று கண்டுபிடித்து, லூப்பை எடுத்துவிட்டு மெம்செட்டை அழைத்திருக்கும். அழைத்தது உங்களையே. அந்தக் கோப்புக்கு மட்டும் இந்த அடையாளம் காணும் வசதியை அணைக்க வேண்டும். 32-பிட்டில் 64-பிட் எண்ணை நேராக வகுத்தாலும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். கம்பைலர் ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியில் உள்ள உதவி ஃபங்ஷனைத் தேடும், கர்னல் அதை இணைப்பதில்லை. கர்னலின் டூ-டிவ் குடும்பத்தைப் பயன்படுத்துங்கள்.

அசெம்ப்ளரும் லிங்கரும் என்ன கெடுத்துவிடப் போகின்றன?

பின்யூட்டில்ஸ் 2.31-இல் எக்ஸ்86-64 அசெம்ப்ளர், சாதாரண அழைப்புகளுக்கும் பிஎல்டி32 வகை ரீலொகேஷனை (பின்னர் நிரப்ப வேண்டிய முகவரிக் குறிப்பு) போடத் தொடங்கியது. அன்றைய கர்னலின் மாட்யூல் (பிறகு ஏற்றும் கர்னல் துண்டு) லோடருக்கு அந்த வகை தெரியாமல் இருந்தது. பழைய கர்னலைப் புதிய பின்யூட்டில்ஸால் பில்ட் செய்தவர்களுக்கு, எல்லாம் சரியாக முடிந்து, பூட் ஆகி, மாட்யூல் ஏற்றும்போது "தெரியாத ரீலொகேஷன் 4" என்று வந்தது. சி கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கிளாங்கின் உள்ளமைந்த அசெம்ப்ளர் 5.15-லிருந்து எல்எல்விஎம் (கிளாங்கின் கருவித் தொகுப்பு) பில்டில் இயல்பாகிவிட்டது. குனு அசெம்ப்ளர் பெருந்தன்மையாக ஊகித்துக்கொள்ளும் அளவுக் குறியீடுகளை இது விட்டுக்கொடுக்காது. நினைவகத்தில் மாறிலியைக் கூட்டும் இன்ஸ்ட்ரக்ஷனில் எத்தனை பைட் என்று எழுதித்தான் ஆக வேண்டும். இதில் நான் கிளாங் பக்கம்.

எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ், நியான் போன்ற வெக்டர் இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பயன்படுத்தி வேகமாக்கலாமா? மெஷினுக்கேற்ற நேட்டிவ் பில்ட்?

கர்னல், வெக்டர் ரெஜிஸ்டர்களைத் தொடாதே என்று ஃப்ளாக் கொடுத்தே கம்பைல் ஆகிறது. காரணம், அவற்றில் பயனர் நிரலின் தரவு இருக்கும். வேண்டுமென்றால் எஃப்பியு தொடக்கம், முடிவு அழைப்புகளுக்கு நடுவே, தனிக் கோப்பில், அந்தக் கோப்புக்கு மட்டும் ஃப்ளாக்கை மாற்றி எழுதுங்கள். தொடக்க அழைப்பு இருக்கும் அதே கோப்பில் ஃப்ளாக்கை மாற்றினால், கம்பைலர் அந்த அழைப்புக்கு முன்பே வெக்டர் ரெஜிஸ்டரைப் பயன்படுத்திவிடலாம். ஜிசிசி 12 முதல் ஓ2-விலேயே தானியங்கி வெக்டராக்கம் உண்டு என்பதால் இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நேட்டிவ் பில்டுக்கு 6.16-இல் எக்ஸ்86-க்குத் தனி விருப்பத்தேர்வே வந்துவிட்டது. சொந்த மெஷினுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு சிபியுவில் அந்த இமேஜ் எழாமல் போகலாம்.

எல்டிஓ (லிங்க் நேரத்தில் முழு நிரலையும் பார்த்து ஆப்டிமைஸ் செய்வது), ஆட்டோஎஃப்டிஓ (ஓட்டி அளந்த தகவலை வைத்து ஆப்டிமைஸ் செய்வது)?

கிளாங் எல்டிஓ 5.12-இல் வந்தது. ஜிசிசி எல்டிஓ மூல மரத்தில் இல்லை. ஆட்டோஎஃப்டிஓவும் அதே வகையான ப்ரொப்பெல்லரும் 6.13-இல் வந்தன, முதலாவதற்கு எல்எல்விஎம் 17, இரண்டாவதற்கு 19 வேண்டும்.

எல்டிஓவில் கவனிக்க வேண்டியது ஒன்று. கோப்பு எல்லைகள் மறைந்துவிடுவதால், முன்பு கம்பைலருக்குத் தெரியாமல் இருந்தவை தெரிந்துவிடும். ஒரு பாயின்டரைப் படித்து அதன் வழியே அடுத்ததைப் படிக்கும்போது, முகவரிச் சார்பு வரிசையைக் காக்கும் என்று ஆர்ம்64-இல் நம்புகிறோம். முழு நிரலையும் பார்க்கும் கம்பைலர் அதை ஒரு இஃப் கிளையாக மாற்றிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். எனவே எல்டிஓ போட்டால் ஆர்ம்64-இல் ரீட்-ஒன்ஸ் மேக்ரோ தானாகவே அக்வயர் (பின்வரும் அணுகல்களை முந்தவிடாத) வகைப் படிப்பாக மாறிவிடும். ஒரு பக்கம் எல்டிஓவால் பெற்ற வேகத்தில் கொஞ்சத்தை இங்கே திருப்பிக் கட்டுகிறீர்கள். அளக்கும்போது இதையும் சேர்த்து அளங்கள்.

போர்டு நிறுவனம் கொடுத்த பழைய கர்னல் புது ஜிசிசியில் பில்ட் ஆகவில்லை.

பிழையில் ஒய்ஒய்லாக் என்ற பெயர் இரண்டு முறை வரையறுக்கப்பட்டதாக வந்தால், ஜிசிசி 10 பொது மாறிகளை ஒன்றிணைப்பதை நிறுத்தியதன் விளைவு. டிவைஸ் ட்ரீ கம்பைலரான டிடிசியின் லெக்சரில் அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். ஃபால்ஸ் என்பது கீவேர்ட், எனம் பெயராக வைக்க முடியாது என்று வந்தால் அது ஜிசிசி 15, அதன் இயல்பு மொழி இப்போது சி23. கர்னலின் முதன்மை ஃப்ளாக்குகள் மொழியைக் குறிப்பிடுகின்றன, ஆனால் எக்ஸ்86-இன் பூட் அடைவு தன் ஃப்ளாக்குகளைத் தானே தொடங்குகிறது, அங்கே மொழியைச் சொல்ல மறந்திருந்தார்கள். ஒருமுறை இப்படி ஒவ்வொரு பிழையாக ஒட்டுப்போட்டு இரண்டு நாள் செலவழித்தேன். அந்தக் கர்னல் வந்த காலத்து ஜிசிசியை இறக்கியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

கர்னல் ஒரு கம்பைலரில், மாட்யூல் இன்னொன்றில். பரவாயில்லையா?

பில்ட் எச்சரிக்கும், பல சமயம் ஓடவும் ஓடும். கர்னல் கிளாங்கின் கேசிஎஃப்ஐயோடு (மறைமுக அழைப்புகளைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) பில்ட் ஆகியிருந்தால் ஓடாது. ஒவ்வொரு மறைமுக அழைப்புக்கும் முன் ஃபங்ஷனின் தலைமாட்டில் ஒரு ஹாஷைத் தேடும், ஜிசிசி மாட்யூலில் அது இருக்காது. ரஸ்ட் கோடு இருந்தால் இன்னும் கறார். 6.11 வரும்வரை சரியாக ஒரே ஒரு ரஸ்ட்சி (ரஸ்ட் கம்பைலர்) பதிப்புதான் அனுமதி, 6.11-இல் அதை 1.78-உம் அதற்கு மேலும் என்று தளர்த்தினார்கள்.

பேட்ச் அனுப்பும் முன் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

கர்னல்.ஆர்க் தளத்தில் ஜிசிசிக்கும் எல்எல்விஎம்முக்கும் பழைய பதிப்புகள் தயாராகக் கிடைக்கின்றன. மிகப் பழையது, மிகப் புதியது, கிளாங் ஒன்று, 32-பிட் ஒன்று என்று நான்கு பில்ட் போடுங்கள். மாற்றிய கோப்பின் பெயரில் கடைசி எழுத்தை மட்டும் எஸ் ஆக்கி மேக்கிடம் கொடுத்தால் அசெம்ப்ளியாகவே தரும், உண்மையான ஃப்ளாக்குகளோடு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் நினைத்த இன்ஸ்ட்ரக்ஷன் நான்கிலும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ப்ளோட்-ஓ-மீட்டர் ஸ்கிரிப்டை ஓட்டி எந்த ஃபங்ஷன் எவ்வளவு பெருத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கமிட் செய்தியில் வேக எண்ணோடு கம்பைலரின் பெயரையும் பதிப்பையும் எழுதுங்கள். நான்கில் ஒன்றில் லாபம் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பராமரிப்பாளர் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார்.